குடல் மட்டும் பச்சை

என் குடல்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒன்பது வருடம் அதைத் திட்டித் தீர்த்துவிட்டேன். இப்போதிருக்கும் கோபம் எல்லாம் மனிதர்கள்மேல்தான். அதிலும் என்மேல் அன்பாக இருந்தவர்கள்மேல்தான் அதிகம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. ஜோலார்பேட்டையில், தென்தடம் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தில் லோகோ பைலட். பயணிகள் ரயில்கள் ஆளில்லாமல் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. சிமெண்டும் நிலக்கரியும் போகிற எங்கள் பழைய பாதையில் மட்டும் இன்னும் மனிதர்கள் ஓட்டுகிறோம். பாதையை மாற்றச் செலவு செய்ய யாருக்கும் மனசு வரவில்லை என்பதுதான் காரணம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நாலாயிரம் டன்னை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

எங்கள் என்ஜினில் கழிப்பறை கிடையாது. முப்பத்திரண்டாவது வயதில் எனக்குக் குடல் அழற்சி வந்தபோது இந்த ஒன்றுதான் என் முழு வாழ்க்கையாக ஆயிற்று. நாளுக்குப் பதினைந்து முறை, ரத்தமும் சளியுமாக. டூட்டிக்கு முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டி அதன்மேல் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஏறுவேன். என் அசிஸ்டென்ட் இருதயராஜிடம், "ஏதாவது வாசனை வருதாடா?" என்று கேட்டிருக்கிறேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "டீசல் வாசனைதான்க்கா வருது" என்பான். எங்கள் என்ஜின் மின்சாரத்தில் ஓடுவது.

கடைசியில் விஷயம் வெளியே தெரிந்து, என்னை லாபி மேஜையில் உட்கார வைத்தார்கள். லாபி என்பது ஓட்டுநர்கள் வந்து கையெழுத்துப் போட்டு வண்டி எடுத்துப் போகிற அறை. பதினான்கு மாதம் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் இருதயராஜ் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, "இந்த நாற்காலியில உக்காந்துகினு இருக்கறதுக்குச் செத்துடலாம்டா" என்று சொல்லி அழுதேன். அப்படிச் சொன்னது தப்பு. அவன் அதை மறக்கவே இல்லை.

மணி வந்தது அப்போதுதான்.

மணி என்பது ஒரு கருவி, மிளகு அளவுதான் இருக்கும். குழாய் விட்டுக் குடல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்து, எங்கே புண் கிளம்புகிறது என்று பார்த்து, அந்த இடத்திலேயே மருந்தைக் கசியவிடும். மருந்து குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்காது, அதனால் பக்கவிளைவே கிடையாது என்பது அதன் பெரிய பெருமை. நிறுவனமே வாங்கித் தந்தது. ஒரே நிபந்தனை, மணி தினமும் அனுப்புகிற நிறம் லாபிக்குப் போகும். பச்சை என்றால் வண்டி ஏறலாம். சிவப்பு என்றால் வீடு.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். மணி தினமும் உள்ளேயிருந்து பார்க்கிறதே, டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை வெளியேயிருந்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று, மணி வைத்தவர்களுக்குக் கண், காது, எலும்புப் பரிசோதனைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் அலைச்சல் மிச்சம் என்று நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

எட்டு மாதம் சொர்க்கம்தான். ஆம்பூரில் இறங்கி வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் குணசீலன் பயந்துபோய்த் தொலைபேசியில் மணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பச்சை, பச்சை, பச்சை.

மணி வைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் உண்டு. அவரும் மணி வைத்த நோயாளிதான், தொலைபேசியில் பேசுவார். எனக்கு வாய்த்தவர் சேலத்து வத்சலா. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், பாதிப் பாடத்தில் கழிப்பறைக்கு ஓடி ஓடியே வேலையை விட்டவர். ஆளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் குணசீலனிடம் சொல்ல முடியாததை எல்லாம் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் மாதம் கெண்டைக்காலில் சிவப்பாகக் கட்டிகள் வந்தன, தொட்டால் உயிர் போகும். டீச்சரிடம் சொன்னேன். பிறகு முழங்கால் வீங்கியது. காலையில் எழுந்தால் இடுப்பு இறுகிப்போய், அரைமணி நேரம் நடந்த பிறகுதான் நிமிர முடிந்தது. அதையும் சொன்னேன். பிறகு வலது கண் சிவந்தது.

"மணி என்னங்க காட்டுது?" என்று டீச்சர் கேட்டார்.

"பச்சைதான் டீச்சர்."

"நான் எழுதி அனுப்பிடறேனுங்க அரசி. மேல இருந்து ஏதாவது சொன்னா உடனே கூப்பிடறேன்."

மேலே இருந்து ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நானாக ஒரு கண் டாக்டரிடம் போயிருக்கலாம். போகவில்லை. வெளி டாக்டரிடம் போனால் சீட்டு லாபிக்குப் போகும், லாபியில் அந்த நாற்காலி இருக்கிறது. மருந்துக்கடையில் கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டேன். வெளிச்சம் குத்தியதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். "இன்னாக்கா, ஸ்டைலு" என்றான் இருதயராஜ். நானும் சிரித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும், முதலில் பார்த்தவர் கையை நீட்டி நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் அசந்தாலும் இன்னொருவர் கண் பிடித்துவிடும் என்பதற்காக வைத்தது. பதினோரு வருடம் எங்கள் வண்டியில் முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் அவன் முந்த ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே "பச்சை" என்பான், நான் "பச்சை" என்பேன். "மஞ்சள்" என்பான், நான் "மஞ்சள்" என்பேன். பயல் தேறிவிட்டான், அடுத்த வருடம் பைலட் ஆகிவிடுவான் என்று குணசீலனிடம் மெச்சிச் சொன்னேன்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஒரு சின்ன ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தோம். இருதயராஜின் தண்ணீர் பாட்டில் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. அவன் குனிந்தான். நான் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வெயில் வெள்ளையாக இருந்தது, அதற்குள் பாதை போய்க்கொண்டிருந்தது. சிக்னல் வர வேண்டிய இடம் எனக்குத் தெரியும். ஆனால் நான் காத்துக்கொண்டிருந்தது சிக்னலுக்காக இல்லை, அவன் குரலுக்காக. குரல் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது, நான் மாதக்கணக்கில் எதையும் பார்க்கவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறேன் என்று.

தானியங்கி பிரேக் பிடித்துவிட்டது. சிவப்பு சிக்னலைத் தாண்டி நாற்பது மீட்டரில் வண்டி நின்றது. முன்னால் நூறு மீட்டரில், பாதை வேலை செய்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் தட்டுக்கூடையைக் கீழே போட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. நிற்கிறார்கள் என்பதையும் இருதயராஜ்தான் சொன்னான்.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். இடையில் வாணியம்பாடியில் டாக்டர் தஹ்சீன் என்ற கண் மருத்துவரிடம் குணசீலன் கூட்டிப்போனார். ஒல்லியான அம்மா, குறைவாகப் பேசுகிறவர். கருவியில் என் முகவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்குக் குடல்ல ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?"

தூக்கிவாரிப் போட்டது. "கண்ணைப் பாத்து எப்படிம்மா சொல்றீங்க?"

"கெண்டைக்கால்ல சிவப்பா கட்டி வந்துதா?"

"வந்துது."

"காலையில இடுப்பு பிடிச்சுக்கிட்டு, நடக்க நடக்கச் சரியாகுமா?"

"ஆமா."

"உங்க நோய் குடல்ல இருக்கற நோய் இல்லம்மா. குடல்ல அதிகமா தெரியற நோய், அவ்வளவுதான். உடம்போட காவல் படை தன் வீட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. குடல்ல அடிக்கும், மூட்டுல அடிக்கும், தோல்ல, முதுகெலும்புல, சில பேருக்குக் கல்லீரல்ல. உங்களுக்குக் கண்ணுக்குள்ள அடிச்சிருக்கு."

"ஆனா மணி இருக்கே டாக்டர். பச்சை காட்டுதே."

"அதோட மருந்து குடலைத் தாண்டக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்காங்க? நோய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே."

வலது கண்ணில் கருவிழிக்குப் பின்னால் இருக்கிற திரை லென்ஸோடு ஒட்டிப்போய்விட்டதாம். அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். போன பார்வை போனதுதான். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்று குணசீலன் கேட்டார்.

டாக்டர் மேஜைமேல் இருந்த ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். "இந்தச் சொட்டு மருந்து. ஆறு வாரம். இதெல்லாம் பல வருஷமா புத்தகத்துல இருக்கற விஷயம்தான் சார்."

புத்தகத்தில் இருந்ததாம். என் கால், என் இடுப்பு, என் கண் எல்லாம் வரிசைப்படி யாரோ எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் அதைப் படிக்கவில்லை. வத்சலா டீச்சர் படித்திருப்பார். துணையாட்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்கிறார்களே. எழுதி அனுப்பிவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் தேனாகப் பேசியது ஞாபகம் வந்து உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினேன். திட்ட வேண்டியதை எல்லாம் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவர் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். முதுகு கட்டையாக இறுகியிருந்தது. ஆனால் அதற்காக இரங்கும் நிலையில் நான் இல்லை.

"எழுதறேன் எழுதறேன்னு சொல்லி என் கண்ணைப் புடுங்கிட்டீங்களே டீச்சர்" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தன் கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எழுத்தைப் பெரிதாக்கினார். கெண்டைக்கால் கட்டி, தேதி. முழங்கால், தேதி. வலது கண், தேதி, மறுபடியும் தேதி. பதினொரு புகார், ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

"குடல் அல்லாத புகார் எதுவா இருந்தாலும் உங்க கம்பெனிக்குத்தான் போகுமுங்க" என்றார். "அங்க கூட வேலை செய்யறவங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. வேலையில பாதிப்பு இருக்குதா, இல்லையான்னு. இருக்குதுன்னு போட்டா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. இல்லைன்னு போட்டா அதோட முடிஞ்சுது. யாரைக் கேட்டாங்கன்னு நோயாளிகிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

"யாரைக் கேட்டாங்க?"

"உங்களை எட்டு மணி நேரமும் பக்கத்துல இருந்து பாக்கறது யாருங்க?"

பதினொரு வரிக்கு எதிரிலும் 'இல்லை'. அதற்கு எதிரில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பதினோரு வருடமாக டூட்டிச் சீட்டில் என் கையெழுத்துக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பெரிய எழுத்து தேவையே இல்லை.

டீச்சர் காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. தெரியும்போதே உத்தரவை மீறி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா என் மணியை எடுத்துடுவாங்க அரசி" என்றார். "மறுபடியும் அந்தக் கக்கூஸ் வாழ்க்கைக்குப் போக எனக்குத் தெம்பு இல்லீங்க." அவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

இருதயராஜ் வீட்டுக்கு நேராகப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?" என்றேன்.

"தை மாசத்துல இருந்துக்கா. ஒரு மஞ்சளைப் பச்சைன்னு சொன்னீங்க. நீங்க அப்படிச் சொல்ற ஆளே இல்லியே. அதான் நான் முந்திச் சொல்ல ஆரம்பிச்சேன்."

"பதினொரு தடவ கேட்டிருக்காங்க. ஒரு தடவ 'இருக்கு'ன்னு போட்டிருந்தா போதும்டா. ஒரு சொட்டு மருந்துல போயிருக்கும்."

"மருந்துல போற விஷயம்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? கண்ணு போனா உங்களை மேஜைக்கு அனுப்பிடுவாங்கன்னுதான் தெரியும். செத்துடலாம்னு சொன்னது நீங்கதானே?"

நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி முகம்தான் தெரிந்தது. அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை போல.

"அதுவும் இல்லக்கா" என்றான். "ஜோடி பிரிஞ்சா என்னை ஆந்திரா பக்கம் கூடூருக்கு மாத்துவாங்க. பெரியவ இப்பதான் இந்த ஊரு ஸ்கூல்ல சேந்திருக்கா. அதுவும்தான் மனசுல இருந்துது. பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்ல மாட்டானாம். பதினொரு கையெழுத்துப் போட்டவன். அன்பு எவ்வளவு, கூடூர் எவ்வளவு என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பாதை வேலைப் பெண்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதுவரை பேசவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை. பாதுகாப்பு அதிகாரி எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். என்ஜினில் பேச்சைப் பதிவு செய்கிற கருவி ஆறு மாதமாகப் பழுது என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் சொல்வதுதான் சாட்சி.

நான் முதலில் பேசினேன். "சிக்னலை நான் பாக்கல சார். அன்னிக்கு மட்டும் இல்ல, தை மாசத்துல இருந்தே பாக்கல. எல்லாம் அவன் சொல்லித்தான் ஓட்டினேன். மணி பச்சை காட்டறப்பவே என் கண்ணு போயிடுச்சு. மத்த நாப்பத்தோரு பேரையும் உடனே டாக்டர்கிட்ட அனுப்புங்க."

அதிகாரி இருதயராஜைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுடா, இது ஒன்றுதான் நீ எனக்குச் செய்யக்கூடியது என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல சார்" என்றான். "அக்கா சிவப்புன்னு கரெக்டா சொன்னாங்க. நான்தான் பாட்டில எடுக்கக் குனிஞ்சேன். என் தோள் பட்டு பிரேக் கைப்பிடி நவுந்துடுச்சு. அக்காமேல தப்பே இல்ல. என்னைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காக உயிரையே கொடுக்கிறவன்போல உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் அறைந்துவிடலாம் என்று இருந்தது.

அதிகாரிக்கு நிம்மதி. "மணி பச்சை. அசிஸ்டென்ட் தப்பை ஒத்துக்கறார். கண்ணு விஷயம் தனி நோயும்மா, அதுக்குத் தனியா பாத்துக்கலாம். நீங்க எதுக்கு இதைச் சிக்கலாக்கறீங்க?"

"நான் சொன்னதை எழுதுங்க சார்."

எழுதினார். படித்துப் பார்க்கச் சொன்னேன். 'பைலட் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் இருந்ததால்' என்று ஆரம்பித்திருந்தார். இருதயராஜுக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லாத விடுப்பு. மணிக்கு நற்சான்று. எனக்குப் பார்வை காரணமாக லாபி மேஜை. கூடூர் என்ற பேச்சே எழவில்லை. வெளியே வந்ததும் அவன், "உங்க பேரு கெடல இல்லக்கா" என்றான். அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை.

நேற்றுக் காலை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சாகவில்லை. எதிரில் திரையில் மணி வைத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, இடது கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் படிக்க முடிந்தது. நாற்பத்தோரு பெயர், நாற்பத்தோரு பச்சை. முதல் பெயர் கோதண்டபாணி. காட்பாடிக்காரர், என்னைவிட சீனியர், வண்டியை அவரைப்போல மெத்தென்று நிறுத்த ஆள் கிடையாது. அன்று மத்தியானம் அவருக்கு சிமெண்ட் வண்டி. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"லாபியில இருந்து மங்கையர்க்கரசி பேசறேன் சார். உடம்பு எப்படி இருக்கு?"

"பச்சைதானே காட்டுது மேடம்? காலையிலகூடப் பாத்தேனே."

"குடலைக் கேக்கல சார். கண்ணு எப்படி இருக்கு? இடுப்பு, காலு?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"எங்க அசிஸ்டென்ட் காட்டிக்கொடுத்துட்டானா மேடம்?"